சிறு வளையமும் பெரும் பொறுப்பும்: பழைய டிராக்டரின் எண்ணெய்த் தடுப்பு வளையத்தை மாற்றும் முறை

சிங்கப்பூரில் தேக்காச் சந்தையிலிருந்து சிராங்கூன் சாலையைக் கடந்து கிழக்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால் ஜாலான் புசார் சாலையை அடையலாம். தேக்காவின் பூக்கடைகளையும் மளிகைக் கடைகளையும் நம்மவர் யாவரும் அறிவர். ஆனால் ஜாலான் புசார் வட்டாரத்தில் இரும்புச் சாமான்களும் கருவிகளும் விற்கும் கடைகள் இருப்பதை அறிந்தவர் சிலரே. சில மாதங்களுக்கு முன்னர், ஜொகூர் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நெடுங்காலமாக டிராக்டர் ஓட்டிவரும் பெரியவர் ஒருவருடன் அவ்வட்டாரத்திற்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

அவருடைய கைப்பையில், பழைய செய்தித்தாளில் பொதிந்த வளையம் ஒன்று இருந்தது. உள்ளங்கையில் அடங்கக்கூடிய அவ்வளையத்தைக் காட்டி, "ஐயா, இது கெட்டுப்போனதால் போன மாதம் இரண்டு உயிர் போயிருக்கும்" என்றார் அவர்.

நடந்தது இதுதான். அத்தோட்டத்தில் பால் டாங்கியை இழுத்து வருவது ஒரு பழைய மாஸி ஃபெர்குசன் 35 வகை டிராக்டர். ஒரு நாள் முற்பகல், சரிவில் இறங்கும்போது பெரியவர் பிரேக்கை அழுத்தினார். வலப்பக்கச் சக்கரம் பிடித்தது; இடப்பக்கச் சக்கரம் பிடிக்கவில்லை. டிராக்டர் சட்டென்று வலப்பக்கம் திரும்ப, பின்னாலிருந்த பால் டாங்கி அதைத் தள்ளியது. முன்சக்கரம் கால்வாயின் விளிம்பில் போய் நின்றது. பின்வண்டியில் ஏறி வந்த இருவர் குதித்துத் தப்பினர். அன்று வெட்டிய பால் முழுவதும் மண்ணில் கொட்டியது. பட்டறையில் இடப்பக்கப் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தபோது அதன் பட்டைகள் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. அச்சுத்தண்டின் எண்ணெய்த் தடுப்பு வளையம் கசிந்திருந்தது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அந்த வளையம் பழையதன்று. நான்கு மாதங்களுக்கு முன்னர்தான் புதிதாக மாற்றப்பட்டது! புதிய வளையம் ஏன் நான்கே மாதங்களில் கெட்டது? இந்த ஒரு வினாவுக்கு விடை காண்போமாயின், எண்ணெய்த் தடுப்பு வளையத்தைப் பற்றி நாம் அறியவேண்டியவற்றுள் பெரும்பகுதியை அறிந்தவர்களாவோம்.

வளையத்தின் அமைப்பு

பட்டறைகளில் 'ஆயில் சீல்' என்று வழங்கப்படும் இவ்வளையத்தின் வேலை எளிது. சுழலும் தண்டு ஒன்று எண்ணெய் நிறைந்த பெட்டியிலிருந்து வெளியே வரும் இடத்தில், எண்ணெய் வெளியேறாமலும் தூசியும் சேறும் உள்ளே புகாமலும் அது காக்கிறது. வெளிப்புறத்தில் உலோகக் கூடு. உட்புறத்தில் மெல்லிய ரப்பர் உதடு. அந்த உதட்டைத் தண்டின்மீது மெதுவாக அழுத்திப் பிடிக்க நுண்ணிய சுருள்வில். இவையே அதன் உறுப்புகள். சிலவற்றில் தூசியைத் தடுக்க இரண்டாவது உதடு ஒன்றும் இருக்கும்.

ரப்பர் உதடு தண்டை இறுக்கிப் பிடிப்பதாக நினைப்பது தவறு. உதட்டிற்கும் தண்டிற்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் இருக்கவேண்டும். அப்படலம் இல்லையேல் உதடு உராய்ந்து சூடேறிக் கருகிவிடும். ஆகவே வளையத்தைச் சுற்றி இலேசான ஈரம் காணப்படுவது குறையாகாது. சொட்டுச் சொட்டாக வடிவதே குறையாகும்.

தொடக்கத்தில் இவ்வளையங்கள் தோலால் செய்யப்பட்டன. ஜெர்மனியில் தோல் பதனிடும் தொழிலில் இருந்த ஃபிராய்டன்பெர்க் நிறுவனம், 1929இல் தோலால் ஆன தடுப்பு வளையங்களைச் செய்யத் தொடங்கியது. பின்னர் தோலின் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. ஆனால் அது நாம் மரத்திலிருந்து வெட்டும் ரப்பர் அன்று.

நமது ரப்பர் ஏன் ஆகாது?

1877ஆம் ஆண்டில் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. 1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை ஆராய்ந்து கண்டார். இந்நாட்டு ரப்பர்த் தொழிலின் வரலாறு அங்குதான் வேரூன்றியது. அத்தகைய பெருமை வாய்ந்த இயற்கை ரப்பர் எண்ணெய்த் தடுப்பு வளையத்திற்கு மட்டும் உதவாதது ஏன்?

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. காய்ந்த ரப்பர்த் துண்டு ஒன்றைச் சிறு போத்தலில் இட்டு, அது மூழ்கும்படி டீசல் ஊற்றி மூடி, தீ அணுகாத இடத்தில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். துண்டு ஊதிப் பருத்து, பிசுபிசுப்பாகி, வலுவிழந்து போயிருக்கும். மண்ணெண்ணெய், டீசல், இயந்திர எண்ணெய் ஆகியவையும் இயற்கை ரப்பரும் தன்மையில் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. ஆதலின் எண்ணெய் ரப்பருக்குள் எளிதாக ஊறிப் புகுந்துவிடுகிறது.

1930களில் ஜெர்மானிய வேதியியலார் உருவாக்கிய நைட்ரைல் ரப்பர் இக்குறையைப் போக்கியது. அதன் இயல்பு எண்ணெயோடு ஒன்றாதது. ஆகவே அது எளிதில் ஊதுவதில்லை. இன்றும் பெரும்பாலான எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் நைட்ரைல் ரப்பரால் செய்யப்படுபவையே. ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வெப்பம் வரை அது தாங்கும். அதற்கும் மேற்பட்ட வெப்பமுள்ள இடங்களுக்கு ஃபுளோரோ ரப்பர் வளையங்கள் உண்டு.

இதனால் நமது ரப்பருக்கு மதிப்புக் குறைந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். கனரக வாகனங்களின் டயர்களிலும், இயந்திரத்தின் அதிர்வைத் தாங்கும் மெத்தைகளிலும் இயற்கை ரப்பரின் வலிமை இன்றும் போற்றப்படுகிறது. எந்தப் பொருள் எந்த இடத்திற்கு உரியது என்று அறிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை. பழைய டியூபை வெட்டி வளையமாக வைத்து ஓட்டுவது அறிவுடைமையன்று. அது சில நாட்களிலேயே ஊதிக் கிழிந்துவிடும்.

கசிவு எங்கே? அதன் பொருள் என்ன?

ஒரு டிராக்டரில் தடுப்பு வளையங்கள் பல இடங்களில் உள்ளன. இயந்திரத்தின் முன்னும் பின்னும், கியர்ப் பெட்டியின் முன்புறம், பின்னச்சின் இரு முனைகள், பின்புறம் கருவிகளை இயக்கும் தண்டு, முன்சக்கரக் குடங்கள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. எல்லாக் கசிவும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. பின்புறத் தண்டில் சொட்டும் எண்ணெய் பணத்தை வீணாக்கும். பின்னச்சில் கசியும் எண்ணெயோ பிரேக்கைக் கெடுத்து உயிரைக் குடிக்கும். கியர்ப் பெட்டியின் முன்புறம் கசியும் எண்ணெய் கிளச்சில் பட்டு அதை வழுக்கச் செய்யும்.

ஃபெர்குசன் வழிவந்த பழைய டிராக்டர்கள் பலவற்றில் கிளச்சு இருக்கும் கூட்டின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. அத்துளை வழியே எண்ணெய் சொட்டினால் அதனை வெள்ளைத் தாளில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் இயந்திரத்தின் பின்புற வளையமும், தெளிவாகவோ பொன்னிறமாகவோ இருந்தால் கியர்ப் பெட்டியின் வளையமும் ஐயத்திற்குரியவை. சொட்டுவதை நிறுத்துவதற்காக அத்துளையை அடைத்துவிடுவோரும் உளர். இது பெருந்தவறு. எண்ணெய் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிக் கிளச்சை நனைத்துவிடும்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். இவ்வகை டிராக்டர்கள் பலவற்றில் கியர்ப் பெட்டிக்கும், பின்னச்சுக்கும், கருவிகளைத் தூக்கும் நீரியல் அமைப்புக்கும் எண்ணெய் ஒன்றே. ஓரிடத்தில் கசிந்தால் மூன்றிற்கும் குறையும். சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்று, இழப்புக்கும் பொருந்தும்.

கடைக்காரர் கேட்ட மூன்று கேள்விகள்

இனி ஜாலான் புசாருக்குத் திரும்புவோம். கடைக்காரர் வயது முதிர்ந்த சீனர். பெரியவர் நீட்டிய வளையத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மலாய் மொழியில் மூன்று கேள்விகள் கேட்டார். தண்டின் குறுக்களவு என்ன? தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா? மூச்சுத்துளை சுத்தமாக இருக்கிறதா? பெரியவரிடம் முதற்கேள்விக்கு மட்டுமே விடை இருந்தது. மறுநாள் தோட்டத்துப் பட்டறையில் பார்த்தபோது, மூன்றிலுமே கோளாறு இருந்தது தெரியவந்தது. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, அளவு. வளையத்தின் முகப்பில் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 35-52-7 என்றிருந்தால், தண்டின் குறுக்களவு 35 மில்லிமீட்டர், வளையம் பொருந்தும் குழியின் குறுக்களவு 52 மில்லிமீட்டர், வளையத்தின் தடிப்பு 7 மில்லிமீட்டர் என்பது பொருள். ஆனால் இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய டிராக்டர்களின் அளவுகள் அங்குலக் கணக்கைச் சேர்ந்தவை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஆகவே 1¾ அங்குலத் தண்டின் அளவு 44.45 மில்லிமீட்டர். "கிட்டத்தட்டச் சரிதானே" என்று 45 மில்லிமீட்டர் வளையத்தை வாங்கிப் போட்டால் அரை மில்லிமீட்டருக்கும் மேலான தளர்ச்சி ஏற்படும். அவ்வளவு தளர்ச்சி எண்ணெய் கசியப் போதுமானது. பெரியவரின் டிராக்டரில் நான்கு மாதங்களுக்கு முன்னர் போட்டதும் இத்தகைய 'கிட்டத்தட்ட' வளையமே. பழைய வளையம் ஊதியோ தேய்ந்தோ இருக்கலாம். ஆதலின் அதன் உட்புறத்தை அளப்பதைவிடத் தண்டையும் குழியையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து குறித்துக்கொண்டு போவதே நன்று. இயந்திரத்தின் வகையையும் தொடர் எண்ணையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தண்டின் பள்ளம். மிருதுவான ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்று கேட்கலாம். உதட்டில் சிக்கும் மண்துகள் நாள்தோறும் அரைக்க அரைக்க இரும்பும் தேய்கிறது. வளையம் உட்கார்ந்திருந்த இடத்தில் விரல்நகத்தை வைத்து நெடுக்காக இழுங்கள். நகம் தடுக்கினால் பள்ளம் விழுந்துவிட்டது என்று அறியலாம். அப்பள்ளத்தில் எத்தனை புதிய வளையங்களைப் போட்டாலும் நிலைக்காது. பள்ளம் ஆழமில்லாவிடில், வளையத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தி, உதடு பழுதற்ற பரப்பில் படும்படி செய்யலாம். குழியில் அதற்கு இடம் இருக்கவேண்டும். பள்ளம் ஆழமாயின், தண்டின்மேல் மாட்டும் மெல்லிய எஃகு உறை கடைகளில் கிடைக்கிறது. அது தாள்போல் மெல்லியதாகையால் அதே அளவு வளையத்தையே பயன்படுத்தலாம்.

மூன்றாவது, மூச்சுத்துளை. டிராக்டர் ஓடும்போது எண்ணெயும் அதன்மேலுள்ள காற்றும் சூடேறுகின்றன. சூடேறிய காற்று விரிந்து வெளியேறுவதற்காகவே மூச்சுத்துளை வைக்கப்பட்டிருக்கிறது. அது சேற்றால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெயை வளையத்தின் வழியே வெளியே தள்ளும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினாலும் கசிவு உண்டாகும். குற்றம் துளையில் இருக்க, வளையத்தைப் பழித்துப் பயனில்லை. பெரியவரின் டிராக்டரில் மூச்சுத்துளை களிமண்ணால் இறுகிக் கிடந்தது.

இவற்றோடு பேரிங்கையும் சோதிக்கவேண்டும். பேரிங் தேய்ந்து தண்டு ஆடுமாயின் எந்த வளையமும் எண்ணெயைத் தடுத்து நிறுத்தாது.

மாற்றும் முறை

பழகுவதற்கு ஏற்றது முன்சக்கரக் குடத்தின் வளையம். அங்கே அது கிரீஸைக் காத்து, சேற்றைத் தடுக்கிறது. செய்யவேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம்.

1. சமதரையில் நிறுத்தி இயந்திரத்தை அணைத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியால் தூக்கிய பின்னர் உறுதியான தாங்கியின்மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கலாகாது.

2. சக்கரத்தைக் கழற்றி, குடத்தைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடையுங்கள். பிறகு மூடியையும், ஸ்பிளிட் பின்னையும், மரையையும் எடுத்துவிட்டுக் குடத்தை வெளியே இழுங்கள். கழற்றியவற்றைக் கழற்றிய வரிசையிலேயே துணியின்மேல் அடுக்கி வையுங்கள்.

3. பழைய வளையத்தை நெம்பி எடுக்கும்போது குழியின் சுவரில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்குமுன் வளையம் எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. தண்டில் துரு இருந்தால் நுண்ணிய எமரித் தாளால் தண்டைச் சுற்றிய வாக்கில் தேயுங்கள். நெடுக்காகத் தேய்த்தால் அக்கீறல்கள் எண்ணெய்க்கு வாய்க்காலாகிவிடும்.

5. புதிய வளையத்தின் உதட்டில் எண்ணெயோ கிரீஸோ தடவுங்கள். சுருள்வில்லின் பள்ளத்திலும் சிறிது கிரீஸ் வைத்தால், தட்டும்போது வில் துள்ளி விழாது. சுருள்வில் உள்ள பக்கம் எண்ணெயை அல்லது கிரீஸை நோக்கியிருக்கவேண்டும். இதனை மாற்றிப் போடுவோர் பலர்.

6. தட்டையான மரக்கட்டையை வளையத்தின்மேல் வைத்து, ஒரே சீராகச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். திருப்புளியை வைத்து ஓரத்தில் அடித்தால் உலோகக் கூடு கோணிவிடும்.

7. தண்டில் பல்வரிசையோ கூரிய விளிம்போ இருந்தால் அதன்மேல் நெகிழித் தாளைச் சுற்றி, உதடு கிழியாமல் நுழைத்தபின் தாளை உருவிவிடுங்கள்.

8. பேரிங்கைக் கிரீஸிட்டு மாட்டி, மரையைக் கையேட்டில் கூறியபடி முடுக்கி, புதிய ஸ்பிளிட் பின் போடுங்கள். குடம் தடையின்றிச் சுழலவேண்டும், ஆனால் ஆடலாகாது.

வாங்கும்போது வளையத்தின் உதட்டை மெல்ல வளைத்துப் பாருங்கள். பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது விறைத்து, வெடிப்பு விட்டிருக்கக்கூடும். பழைய டிராக்டருக்கு உதிரிப்பாகம் கிடைக்காது என்ற மனக்கலக்கம் வேண்டாம். ஃபெர்குசன் டிஇ20 வகை 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதன் வழிவந்த மாஸி ஃபெர்குசன் வகைகள் உலகெங்கும் பரவின. கோவென்ட்ரி ஆலையில் டிராக்டர் உற்பத்தி 2002இல் நின்றுவிட்டது. ஆயினும் 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் போன்றவை அவ்வமைப்பைத் தொடர்ந்து செய்து வந்தமையால் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

நாமே செய்யக்கூடாதவை

பின்னச்சின் வளையத்தை மாற்றும் வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே விடவேண்டும். இத்தகைய பழைய அச்சுகளில் பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையம் மிகுந்த இறுக்கத்துடன் பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு அழுத்தப் பொறி வேண்டும். டிராக்டரை இரண்டாகப் பிரித்துச் செய்யும் வேலையும் அவ்வாறே. முன்னச்சு நடுவில் ஊசலாடும் அமைப்புடையது. அதன் இருபுறமும் மர ஆப்பு வைக்காமல் பிரித்தால் முன்பாதி சாய்ந்து ஆளை நசுக்கிவிடும்.

எண்ணெயில் ஊறிய பிரேக் பட்டையைப் பெட்ரோலால் கழுவியோ தீயில் காட்டியோ மீண்டும் பயன்படுத்தலாகாது. உள்ளே ஊறிய எண்ணெய் சூடேறியதும் மீண்டும் வெளிவரும். கசிவை நிறுத்திய பின்னர் இருபக்கப் பட்டைகளையும் ஒருசேர மாற்றவேண்டும். ஒருபக்கம் மட்டும் மாற்றினால் இழுப்பு மாறுபட்டு மறுபடியும் வண்டி திரும்பும். பழைய பிரேக் பட்டைகளிலும், சில பழைய இயந்திரங்களின் கயிற்று வளையங்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அத்தூளைக் காற்றடித்து ஊதுவதும் உலர்ந்த துணியால் தட்டுவதும் நுரையீரலுக்குக் கேடு. கருகிய ஃபுளோரோ ரப்பர் வளையத்தை வெறுங்கையால் தொடவும் கூடாது. கழற்றிய வளையங்களை எரிக்கவும் கூடாது. வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் கலத்தில் சேர்த்து, முறைப்படி பெற்றுக்கொள்வோரிடம் ஒப்படைக்கவேண்டும்.

நிறைவாக ஒன்று

பெரியவரின் டிராக்டரில் இப்போது தண்டிற்கு எஃகு உறை மாட்டப்பட்டுள்ளது. சரியான அங்குல அளவு வளையம் போடப்பட்டு, மூச்சுத்துளை சுத்தம் செய்யப்பட்டு, இருபக்கப் பிரேக் பட்டைகளும் மாற்றப்பட்டுள்ளன. பின்வண்டியில் ஆள் ஏற்றுவதில்லை என்றும் அவர் உறுதி பூண்டுள்ளார். நாள்தோறும் வேலை தொடங்குமுன் டிராக்டர் நின்ற இடத்தில் குனிந்து தரையைப் பார்க்கிறார். பிறகு சமதரையில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதிக்கிறார். இதற்கு இரண்டு நிமிடங்கள்கூட ஆவதில்லை.

தேக்கா வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டு வணிகத்திற்குப் பேர்போனது. எருமையைக் குறிக்கும் பெயருடைய பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் இன்றும் அதனை நினைவூட்டுகின்றன. மாட்டுவண்டியோட்டிய நம் முன்னோர் அச்சுக்கு மை இடாமலும் கடையாணியைத் தொட்டுப் பார்க்காமலும் வண்டியைப் பூட்டியதில்லை. மாடு போய் டிராக்டர் வந்துவிட்டது. ஆனால் அந்த நல்வழக்கம் போய்விடக்கூடாது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கண்டால் துடைத்துவிட்டுப் போகாமல், எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று கேளுங்கள். காரணத்தைக் களையாமல் வளையத்தை மட்டும் மாற்றுவது நோயை விட்டுப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதாகும். காரணத்தைக் கண்டு களைந்தால் வண்டியும் நிலைக்கும். அதில் செல்வோரும் மாலையில் நலமாக வீடு திரும்புவர்.